காற்றழுத்தி: உலைத்துருத்தியிலிருந்து வீட்டுப் பட்டறை வரை

காற்றழுத்தி என்பது வெளிக்காற்றை உள்ளிழுத்து, சிறிய இடத்துக்குள் இறுக்கி, அழுத்தம் மிகுந்த காற்றாக வெளியே தரும் பொறியாகும். பேச்சு வழக்கில் இது ஏர் கம்ப்ரசர், அல்லது வெறும் கம்ப்ரசர். பஞ்சர் கடை வாசலில் பெல்ட் சுழல ஓடும் பொறியும், வீட்டில் பழுதுபார்க்கும் வேலைகளைத் தாமே செய்துகொள்வோர் வாங்கும் கையடக்கப் பொறியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. சிலிண்டர், பிஸ்டன், தொட்டி, வால்வு என்று இந்தச் சிறு பொறியில் உள்ள ஒவ்வொரு உறுப்பும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு தேவைக்காக உருவானது. வாங்குவோர் வழக்கமாகத் தவறு செய்யும் இடங்களுக்கும் விளக்கம் அந்த வரலாற்றிலேயே கிடைக்கிறது.

துருத்தியும் சிலிண்டரும்

காற்றை அழுத்தி வேலை வாங்கும் கலை உலோகம் உருக்கும் கலையோடு சேர்ந்து வளர்ந்தது. ஆட்டுத்தோலால் செய்த துருத்தி உலகின் பல பகுதிகளில் கொல்லுலைகளில் இருந்தது. சங்கப் பாடல்களில் கொல்லனின் உலைத்துருத்தி மூச்சுக்கு உவமையாக வரும் அளவுக்கு அது பழகிய பொருள். சீனாவில் மரப்பெட்டிக்குள் பலகை முன்னும் பின்னும் நகரும் பெட்டித்துருத்தி தோன்றியது. இழுக்கும்போதும் தள்ளும்போதும் அது காற்றைத் தந்ததால் உலையில் காற்றோட்டம் அறுபடவில்லை. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கிடேசிபியசு உலோக உருளையும் பிஸ்டனும் கொண்ட பம்புகளை அமைத்தவராக அறியப்படுகிறார்.

துருத்தியால் காற்றை அதிகம் தர முடிந்தது. அழுத்தத்தை அதிகம் தர முடியவில்லை. அழுத்தம் கூடினால் தோல் கிழியும், பலகை ஓரம் கசியும். இதற்குத் தீர்வு நன்கு கடையப்பட்ட உலோகச் சிலிண்டர். 1650-ஐ ஒட்டி ஜெர்மனியின் மாக்டபர்க் நகரத்து ஓட்டோ வான் கெரிக் காற்றை வெளியேற்றும் பம்பை அமைத்தார். அது கம்ப்ரசரின் தலைகீழ் வடிவம் என்றே கொள்ளலாம். 1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி, வெப்பநிலை மாறாதபோது காற்றின் கொள்ளளவைப் பாதியாக்கினால் அழுத்தம் இரு மடங்காகும் என்று கூறியது. கோட்பாடு இவ்வளவு முன்பே கிடைத்தும் பட்டறைக்குக் கருவி வர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. இங்கிலாந்தின் இரும்பு உற்பத்தியாளர் ஜான் வில்கின்சன் அமைத்த துளைக்கும் பொறிதான் பெரிய சிலிண்டர்களை ஒரே சீராகக் கடைய வழி செய்தது. ஜேம்சு வாட்டின் நீராவி இயந்திரத்துக்கு அவரே சிலிண்டர் கடைந்து தந்தார். 1776-இல் அந்த இயந்திரமே அவருடைய உலைக்குக் காற்று ஊதியது. மனிதனோ மாடோ நீர்ச்சக்கரமோ இல்லாமல் எரிபொருளால் காற்று தள்ளும் காலம் அங்கே தொடங்கிற்று.

மலையைத் துளைத்த காற்று

அழுத்தக் காற்று உலைக்கு உதவும் பொருள் என்ற நிலையிலிருந்து கருவிகளை இயக்கும் ஆற்றல் என்ற நிலைக்கு உயர்ந்தது ஆல்ப்சு மலையில். பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் மோன் செனி இரயில் சுரங்கம் 1857-இல் தொடங்கப்பட்டது. நீளம் 12 கிலோமீட்டருக்கும் மேல். மலை மிக உயரமானதால் நடுவில் காற்றுக்கிணறு தோண்ட வழியில்லை. சுரங்கத்துக்குள் நீராவி இயந்திரத்தைக் கொண்டுபோனால் புகையில் தொழிலாளர் மூச்சுத் திணறுவர். கையால் துளையிட்டு வெடிவைத்துச் சென்றால் கால் நூற்றாண்டு ஆகும் என்று கணக்கிட்டார்கள்.

பொறியாளர் ஜெர்மேன் சொம்மெய்யே வேறு வழி கண்டார். மலையருவிகளின் நீர்விசையால் சுரங்கத்துக்கு வெளியே காற்றை அழுத்தி, குழாய் வழியே உள்ளே அனுப்பி, துளைப்பொறிகளை ஓட்டினார். 1861-இல் இந்தப் பொறிகள் வேலைக்கு வந்தன. வேலையை முடித்து வெளியேறும் காற்று கேடு செய்யவில்லை. தொழிலாளர் சுவாசிக்கவும் அதுவே பயன்பட்டது. 1870 திசம்பரில் இரு பக்கத்துச் சுரங்கங்களும் சந்தித்தன. 1871-இல் இரயில் ஓடியது. திறப்பு விழாவைக் காணாமல் சில வாரங்களுக்கு முன்பே சொம்மெய்யே இறந்துபோனார். தொலைவில் அழுத்தி, குழாயில் கொண்டுபோய், வேண்டிய இடத்தில் பயன்படுத்தும் முறை அங்கிருந்தே உலகெங்கும் பரவியது. இன்று வீட்டு மாடியில் கம்ப்ரசரை வைத்துவிட்டு நீண்ட குழாயோடு கீழே வேலை செய்பவரும் அதையே செய்கிறார்.

அமெரிக்காவில் ஜார்ஜ் வெசுட்டிங்கவுசு இந்தச் சுரங்கத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தே இரயில் பிரேக்குக்கு அழுத்தக் காற்றை எண்ணினார் என்பர். 1869-இல் அவரது காற்று பிரேக் வந்தது. பாரிசு நகரம் இன்னும் துணிந்தது. 1880-இல் குழாய்க் காற்றால் தெருக் கடிகாரங்களை இயக்கத் தொடங்கிய அந்நகர், விரைவில் சிறு பட்டறைகளுக்கும் குழாய் வழியே காற்றை விற்றது. தண்ணீர் இணைப்பு போலக் காற்று இணைப்பு. மின்சாரம் அந்தக் கனவை மங்கச் செய்தது. ஆனாலும் பாரிசின் காற்று வலைப்பின்னல் 1990-கள் வரை உயிரோடு இருந்தது.

டயரும் வண்ணப்பூச்சும்

வீட்டுக் கம்ப்ரசரின் நேரடி முன்னோர் இரண்டு: டயரும் வண்ணம் தெளிக்கும் துப்பாக்கியும். 1888-இல் ஜான் பாய்டு டன்லப் காற்று நிரப்பிய மிதிவண்டி டயருக்குக் காப்புரிமை பெற்றார். ராபர்ட் தாம்சன் 1840-களிலேயே அதே கருத்துக்கு உரிமை பெற்றிருந்தார் என்பது பின்னர்தான் கவனத்துக்கு வந்தது. மிதிவண்டிக்குக் கைப்பம்பு போதும். மோட்டார் வாகனம் பெருகியபின் ஒவ்வொரு ஊரிலும் பொறியால் காற்று நிரப்பும் இடம் தேவைப்பட்டது.

மற்றது சிகாகோவில் தொடங்குகிறது. 1880-களின் இறுதியில் அங்கே ஒரு பெரிய அங்காடியின் பராமரிப்புப் பொறுப்பாளரான ஜோசப் பிங்க்சு, கட்டடத்தின் அடித்தளச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கக் கையால் இயக்கும் தெளிப்பானை அமைத்தார். 1893-இல் அதே நகரில் நடந்த உலகக் கண்காட்சியின் பெரும் கட்டடங்களை விரைந்து வெள்ளையாக்கத் தெளிப்பு முறை கைகொடுத்தது. ஒகாயோ மாநிலத்தில் தொண்டை மருத்துவரான ஆலன் டிவில்பிசு மருந்து தெளிக்க ஒரு கருவி செய்தார்; அவர் மகன் தாமசு 1907 வாக்கில் அதை வண்ணப்பூச்சுக்கு மாற்றினார். நோயாளியின் தொண்டைக்குச் செய்த கருவி கார் கதவுக்குப் போனது.

1923-இல் விரைவில் உலரும் நைட்ரோசெல்லுலோசு அரக்குப்பூச்சு கார்களுக்கு வந்தது. முன்பு வாரக்கணக்கில் உலரவேண்டிய வண்டி இப்போது மணிக்கணக்கில் உலர்ந்தது. அவ்வளவு விரைவில் காயும் பூச்சைத் தூரிகையால் சீராகப் பூச இயலாது. ஆகவே வண்ணம் அடிக்கும் ஒவ்வொரு சிறு கடைக்கும் கம்ப்ரசர் கட்டாயமாயிற்று.

வீட்டுக்குள் நுழைதல்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் வீட்டு வேலைகளைத் தாமே செய்யும் பழக்கம் பெருகியது. கார் நிறுத்தும் கொட்டகையே பட்டறையானது. ஆனால் பெல்ட்டால் ஓடி, எண்ணெய் ஊற்றி, இருவர் தூக்கவேண்டிய கம்ப்ரசர் அங்கே வசதியாக இல்லை. இதை மாற்றியது ஒரு வேதிப்பொருள். 1938-இல் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்ட டெஃப்லான், எண்ணெய் இல்லாமலே வழுக்கும் தன்மையுடையது. பிஸ்டன் வளையத்தை அப்பொருள் கொண்டு செய்தபின் எண்ணெய்த் தொட்டி தேவையற்றுப் போனது, மோட்டாரோடு பிஸ்டனை நேராக இணைத்தார்கள், எடை குறைந்தது. மறுபக்கம், எண்ணெய் இல்லாப் பொறி பெரும்பாலும் வேகமாகச் சுழல்கிறது, கூடுதலாக இரைகிறது, வளையம் தேய்ந்ததும் ஆயுள் முடிகிறது. எண்ணெய் ஊற்றும் பெல்ட் பொறி மெதுவாக ஓடி நீண்ட காலம் உழைக்கிறது. பஞ்சர் கடைக்காரர் இன்றும் பெல்ட் பொறியை விடாதது பழமைப் பற்றால் அல்ல.

தமிழ்நாட்டில் கம்ப்ரசர் என்றால் கோயம்புத்தூர். பஞ்சாலைகளும் பம்புசெட் பட்டறைகளும் நிறைந்த அந்நகரில் 1960-இல் தொடங்கப்பட்ட எல்ஜி எக்விப்மெண்ட்சு, வாகனப் பணிமனைக் கருவிகளில் தொடங்கிப் பின்னர் கம்ப்ரசர் தயாரிப்பில் உலக அளவில் அறியப்பட்டது. பழைய குளிர்பதனப் பெட்டியின் கம்ப்ரசரைக் கழற்றி, சிறு தொட்டியோடு இணைத்து, ஓசையற்ற காற்றுப்பொறி செய்யும் கைவினைஞர்களும் நம் ஊர்களில் உண்டு. படம் தீட்டும் நுண்தெளிப்பானுக்கு அது போதும். டயருக்கு நெடுநேரம் ஆகும்.

குதிரைத்திறன் குழப்பம்

வீட்டுக் கம்ப்ரசர் சந்தைப்பொருளானதும் பெட்டியின்மேல் பெரிதாக அச்சிடப்பட்டவை குதிரைத்திறனும் தொட்டியின் லிட்டரும். இரண்டுமே வேலையை முடிவு செய்பவை அல்ல. அமெரிக்க வீடுகளின் சாதாரண மின்செருகி 120 வோல்ட், 15 ஆம்பியர். அதாவது 1,800 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட் ஆதலால், இழப்பே இல்லையென்று கொண்டாலும் 2.4 குதிரைத்திறனுக்கு மேல் அங்கே கிடைக்காது. ஆனால் அதே செருகியில் ஓடும் பொறிகள் 5, 6 குதிரைத்திறன் என்று விற்கப்பட்டன. மோட்டார் புறப்படும் கணத்தில் இழுக்கும் உச்ச மின்சாரத்தை வைத்துச் சொன்ன கணக்கு அது. நுகர்வோர் வழக்குத் தொடுத்தபின் ஓடும்போதுள்ள திறனைக் குறிக்கும் வழக்கம் பரவியது.

உண்மையில் கேட்கவேண்டிய எண், குறிப்பிட்ட அழுத்தத்தில் நிமிடத்துக்கு எத்தனை கன அடிக் காற்றை வெளியே தருகிறது என்பது. இதைச் சி.எஃப்.எம். என்பர். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. பிஸ்டன் நகரும் இடத்தை மட்டும் பெருக்கிச் சொல்லும் எண் ஒன்று. உண்மையில் வெளியே கிடைக்கும் காற்று வேறொன்று, அது எப்போதும் குறைவு. 7 பார் அழுத்தத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு ஏறத்தாழ 3 முதல் 4 கன அடி கிடைத்தால் அது நல்ல பொறி.

தொட்டியைப் பற்றிய நம்பிக்கையை ஓர் எளிய கணக்கு கலைத்துவிடும். 50 லிட்டர் தொட்டி 8 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்கும்போது தருவது சுமார் 100 லிட்டர் காற்று, அதாவது 3.5 கன அடி. கார் கதவுக்கு வண்ணம் தெளிக்கும் துப்பாக்கி நிமிடத்துக்கு 10 கன அடி கேட்டால், தொட்டியின் கையிருப்பு 21 நொடியில் தீரும். பொறி தன் பங்குக்கு 4 கன அடி தந்தாலும் 35 நொடிதான். பிறகு அழுத்தம் விழும், பூச்சு திட்டுத்திட்டாகும். மரத்தில் ஆணி அடிக்கும் கருவிக்கோ ஒரு தடவைக்கு மிகச் சிறிதளவு காற்றே வேண்டும். 6 லிட்டர் தொட்டிகூட அதற்கு ஈடுகொடுக்கும். கார் டயரின் உள்ளளவு 30 லிட்டர் என்று கொண்டால், காலியான டயரை நிரப்ப 65 லிட்டர் அளவுக்குக் காற்று தேவை. இடைவிடாது காற்றைத் தின்னும் தேய்ப்புக் கருவிகளுக்கு வீட்டுக் கம்ப்ரசர் பொருந்தாது. அங்கே மின்சாரக் கருவியே சிக்கனம். ஆகவே எந்தக் கருவி அதிகக் காற்று கேட்கிறதோ அதன் தேவையைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தரும் பொறியைத் தேர்வது பட்டறை வழக்கம். நம் நாட்டில் 2 குதிரைத்திறன் பொறிக்கு 15 ஆம்பியர் செருகி வேண்டும். மின்னழுத்தம் தாழும் ஊர்களில் மோட்டார் புறப்படாமல் முனகுவதும் உண்டு.

வெப்பம், நீர், துரு

காற்றை இறுக்கினால் சூடேறும். 30 பாகை செல்சியசு காற்றை ஒரே மூச்சில் 7 பார் வரை அழுத்தினால், கணக்குப்படி 270 பாகையைத் தாண்டும். இரு கட்டமாக அழுத்தி இடையில் குளிரவைத்தால் ஒவ்வொரு கட்டத்திலும் 135 பாகை அளவில் நிற்கும். பெரிய பொறிகளில் இரண்டு சிலிண்டர் வெவ்வேறு பருமனில் இருப்பதன் காரணம் இதுவே. வீட்டுப் பொறி பெரும்பாலும் ஒரே கட்டம். ஓட்டத்துக்கு ஈடாக ஓய்வும் அதற்கு வேண்டும்.

சூடான காற்று தொட்டியில் ஆறும்போது நீரை விடுகிறது. சென்னை போன்ற கடலோர நகரின் ஈரக்காற்றில் ஒரு கன மீட்டருக்கு 24 கிராம் நீராவி இருந்தால், 7 பாரில் இறுக்கி ஆறவைத்தபின் அதில் 20 கிராம் தண்ணீராகிவிடும். நிமிடத்துக்கு 4 கன அடி தரும் பொறி ஒரு மணி நேரம் ஓடினால் அரை டம்ளருக்கு மேல் தண்ணீர் சேரும். அது வண்ணத்தில் குமிழாகத் தெறிப்பது சிறு தொல்லை. தொட்டியின் அடியை உள்ளிருந்து அரிப்பது பெரிய ஆபத்து. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொட்டியின் ஒரு முனையை 8 பார் காற்று 5 டன்னுக்கும் மேலான விசையோடு தள்ளுகிறது.

அழுத்தக் கலங்களுக்கான சட்டதிட்டங்கள் விபத்துகளின் பின்னரே வந்தன. 1905-இல் அமெரிக்காவின் பிராக்டன் நகரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் கொதிகலன் வெடித்து 58 பேர் இறந்தனர். அதைத் தொடர்ந்த முயற்சிகளால் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் கொதிகலன் விதிகளை வகுத்தது. 1925-இல் நெருப்பில் வைக்காத அழுத்தத் தொட்டிகளுக்கும் தனி விதி வந்தது. இந்தியாவில் இவ்வகைத் தொட்டிகளுக்கான தரநிலை ஐ.எஸ். 2825, 1969-இல் வெளியானது. பஞ்சர் கடைத் தொட்டி வெடித்து உயிர் போன செய்தி இன்றும் அவ்வப்போது வருகிறது. துருப்பிடித்த இடத்தைப் பற்றவைப்பால் ஒட்டுப்போட்டு ஓட்டுவதும், பாதுகாப்பு வால்வு காற்றை விடுகிறதென்று அதை அடைத்துவிடுவதும் இத்தகைய விபத்துகளுக்கு வழிவிடும் செயல்கள். பழைய பொறியை மலிவாக வாங்குவோர் மோட்டாரின் ஓசையைக் கேட்பதற்கு முன், தொட்டியின் அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்து பார்ப்பது வழக்கமாக வேண்டும். தெளிந்த நீர் வந்தால் அது நாள்தோறும் வடிக்கப்பட்ட தொட்டி. செந்நிறச் சேறு வந்தால் உள்ளே தகடு கரைந்துகொண்டிருக்கிறது. நீரை நிரப்பி அழுத்தச் சோதனை செய்யாமல் அதில் காற்றை ஏற்றக் கூடாது.