விடுபட்ட எண்மர்

போர் வரலாற்றை எழுதுவோர் வீழ்ந்தவர்களையும் வீழ்த்தியவர்களையும் எண்ணிக் கணக்கிடுவர். மீட்கப்பட்டவர்களின் கணக்கு பெரும்பாலும் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும். வியட்நாம் போரின் ஏடுகளில் அத்தகைய ஓரக் கணக்கு ஒன்று உண்டு. அது எட்டுப் பேரைப் பற்றியது.

1967 மே 15. குவாங் நகாய் மாநிலத்தின் டுக் ஃபோ அருகே, ஓர் ஆற்றுப் படுகையில் அமெரிக்க 101-ஆவது வான்வழிப் படையைச் சேர்ந்த வீரர்கள் கடுந்தாக்குதலில் சிக்கினர். அவர்களுக்கு உதவச் சென்ற ஆறு ஹெலிகாப்டர்களுக்குத் தாமே முன்வந்து தலைமையேற்றார் மேஜர் சார்லஸ் கெட்டில்ஸ். மிச்சிகனில் 1930-இல் பிறந்த அவர், சகோதரருடன் சேர்ந்து கார் விற்பனை நடத்தியவர். 1963-இல் விரும்பி மீண்டும் இராணுவப் பணிக்குத் திரும்பியவர்.

முதல் பயணத்தில் குண்டுமழைக்கு நடுவே தரையிறங்கினார். ஹெலிகாப்டர்கள் அனைத்தும் காயமுற்றோரால் நிறையும்வரை கிளம்ப மறுத்தார். இரண்டாம் பயணத்தில் அவருடைய துப்பாக்கி வீரர் படுகாயமடைந்தார். ஊர்தியிலிருந்து எரிபொருள் ஒழுகத் தொடங்கியது. எனினும் அதைத் தளம்வரை கொண்டு சேர்த்தார்.

அன்றே பின்னர் மீண்டும் அழைப்பு வந்தது. 40 வீரர்களும், ஹெலிகாப்டர் அழிந்ததால் அங்கேயே தங்கிவிட்ட அவரது பிரிவினர் நால்வரும் மீட்புக்காகக் காத்திருந்தனர். அவரது பிரிவில் பறக்கத்தக்கதாய் எஞ்சியது ஒரே ஊர்தி. வேறு பிரிவின் ஐந்து ஊர்திகளையும் உடன் அழைத்துக்கொண்டு மூன்றாம் முறையாகச் சென்றார்.

அனைவரும் ஏறிவிட்டனர் என்ற செய்தி கிடைத்ததும் அணி வானேறியது. காவலாக வந்த ஆயுத ஹெலிகாப்டர்களும் திரும்பின. வானில் இருக்கும்போதுதான் உண்மை தெரிந்தது: கடுந்தாக்குதலால் ஹெலிகாப்டர்களை எட்ட முடியாமல் எட்டுப் பேர் கீழே நின்றுவிட்டனர்.

இந்தக் கணத்தில்தான் அவருடைய வீரத்தை நாம் உரசிப் பார்க்க வேண்டும். தவறான தகவல் அவருடைய குற்றமன்று. அன்று அவர் செய்ததே ஒருவருடைய ஆற்றலுக்கு மிகுதி. கடமை முடிந்தது என்று அவர் சொல்லியிருந்தால் யார் பழித்திருக்க முடியும்? ஆனால் அவர் தலைமைப் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, தம் குழுவினருடன் தனியே திரும்பினார். பீரங்கித் துணையில்லை; வான்காவலும் இல்லை. எதிரிகளின் சுடுகருவிகள் அனைத்தும் அந்த ஒற்றை ஊர்தியையே குறிவைத்தன. மோர்ட்டார் குண்டு ஒன்று முன்கண்ணாடிகளை நொறுக்கியது. அவரோ அசையாது காத்திருந்தார். எண்மரும் ஏறினர். அளவு மீறிய சுமையால் ஊர்தி எளிதில் எழவில்லை. தரையில் துள்ளித் துள்ளி நகர்ந்தே ஒருவாறு வானேறியது.

இவ்வரலாற்றைப் போரின் புகழ்ப்பாடலாக்கிவிடல் ஆகாது. அதே குவாங் நகாய் மாநிலத்தில்தான், பத்து மாதங்களுக்குப் பின்னர், 1968 மார்ச் 16 அன்று மை லாய் சிற்றூரில் ஆயுதமற்ற மக்கள் நூற்றுக்கணக்கானோரை அமெரிக்கப் படையினர் கொன்று குவித்தனர். ஒரே நாட்டுச் சீருடை, ஒரே மண். சீருடை எவரையும் வீரராக்குவதில்லை. அதை அணிந்தவர் மனித உயிரை எப்படி எண்ணுகிறார் என்பதே அவரை அளக்கும் கோல்.

கெட்டில்சுக்கு 1968-இல் சிறப்புச் சேவைச் சிலுவை வழங்கப்பட்டது. உயர்ந்த விருதான மதிப்புப் பதக்கம், காலவரம்பைச் சட்டத்தால் தளர்த்திய பின்னரே, 2016 சூலை 18-இல், அவரது 86-ஆம் வயதில் கிடைத்தது. அவர் பதக்கத்தைப் பெரிதாகக் கருதவில்லை. வாஷிங்டனில் உள்ள வியட்நாம் நினைவுச்சுவரில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தாம் மீட்ட 44 பேரின் பெயர்கள் அதில் இடம்பெறாததே முக்கியம் என்பது அவருடைய கருத்து. 2019 சனவரியில் அவர் மறைந்தார்.

வெறுமையாக விடப்பட்ட இடமே ஒரு மனிதரின் நினைவுச்சின்னம்! அனைவரும் வந்துவிட்டனர் என்று நாமும் பலமுறை மனநிறைவோடு சொல்லிக்கொள்கிறோம். அவ்வேளைகளில் ஒருமுறை திரும்பி நோக்குவோம். அங்கே யாரேனும் எண்ணப்படாமல் நின்றுகொண்டிருக்கக் கூடும்.