தாக்கரே: ஓர் ஆங்கிலக் குடும்பப்பெயரின் கல்கத்தா வரலாறு

குடும்பப்பெயர் என்னும் வழக்கம் தமிழர்க்கு அயலானது. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தன் பெயருக்கு முன் இட்டுக்கொள்ளும் தமிழரின் பெயர், ஒரு தலைமுறைக்கு மேல் பின்னோக்கிச் செல்வதில்லை. ஐரோப்பியர் பெயரோ பல நூற்றாண்டுகளைச் சுமந்து வருகிறது. இதனால் குடும்பப்பெயரைக் குருதி வழியின் நேரடிச் சான்றாகக் கொள்ளும் போக்கு ஆங்கிலக் குடிவழி ஆய்வில் வேரூன்றியுள்ளது. கல்கத்தாவில் மூன்று தலைமுறை உறவு கொண்டிருந்த தாக்கரே குடும்பத்தின் வரலாறு இப்போக்கை ஐயுறச் செய்கிறது. யார் யாரைத் தம்மவர் என ஏற்றனர் என்பதையே அப்பெயர் பதிவு செய்கிறது. யார் யாருக்குப் பிறந்தனர் என்பதை அது முழுமையாகச் சொல்வதில்லை. இக்கட்டுரை அதனை ஆராய முற்படுகிறது.

பெயரும் ஊரும்

தாக்கரே என்பது ஊர்ப்பெயரால் அமைந்தது. இங்கிலாந்தின் வடபகுதியான யார்க்சயரில், வாஷ்பர்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் தாக்ரே என்னும் சிற்றிடம் இருந்தது. கூரை வேயும் புல்லையோ நாணலையோ குறிக்கும் பழைய நார்சுமொழிச் சொல்லும், மூலை அல்லது ஒதுக்கிடத்தைக் குறிக்கும் மற்றொரு சொல்லும் இணைந்தது இப்பெயர் என்பர். கூரைப்புல் விளையும் மூலை என்று பொருள் கொள்ளலாம். ஸ்காண்டிநேவியர் குடியேற்றத்தின் தடம் யார்க்சயர் ஊர்ப்பெயர்களில் பரவலாகக் காணப்படுவதால், இவ்விளக்கம் பொருத்தமுடையதே. அவ்விடம் 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஃபியூஸ்டன் நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிட்டது. பெயர் தந்த மண் நீருக்கடியில் போக, பெயர் மட்டும் உலகைச் சுற்றியது.

ஊரைப் பெயரோடு சேர்த்துச் சொல்லும் முறை தமிழிலும் தொன்மையானதே. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் பெயரில் ஊர், தந்தை, இயற்பெயர் ஆகிய மூன்றும் உள்ளன. ஆனால் மதுரை என்பது நக்கீரனாரின் வழிவந்தோர் அனைவருக்கும் உரிய பெயராக இறுகவில்லை. இங்கிலாந்தில் நார்மானியர் வெற்றிக்குப் (1066) பின் வந்த நூற்றாண்டுகளில் இத்தகைய அடைகள் தந்தையிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்லும் உரிமைப்பெயர்களாக நிலைத்தன. நிலம், வரி, மரபுரிமை ஆகியவை எழுத்துப் பதிவுகளைச் சார்ந்து நின்றமை இதற்குரிய காரணங்களுள் ஒன்றாகும்.

கல்கத்தாவிற்கு வந்த வழி

யார்க்சயரின் ஹாம்ப்ஸ்த்வைட்டைச் சேர்ந்த தாக்கரேக்களுள் ஒருவரான தாமஸ் தாக்கரே, ஹாரோ பள்ளியின் தலைமையாசிரியராக 1746 முதல் 1760 வரை பணியாற்றினார். திருச்சபைப் பதவியும் வகித்தார். பெருங்குடும்பத்தை விட்டு அவர் இறந்தபோது, பிள்ளைகளைக் கரையேற்றக் கிழக்கிந்தியக் கும்பினியின் பணி ஒரு வழியாயிற்று. அவருடைய இளைய மகன் வில்லியம் மேக்பீஸ் தாக்கரே 1766இல் கும்பினி எழுத்தராகக் கல்கத்தா வந்தார். வங்க ஆளுநர் ஹாரி வெரல்ஸ்டின் ஆதரவைப் பெற்றுப் பின்னர்ச் சில்ஹட்டின் கலெக்டரானார். அங்கே யானைகளைப் பிடித்து விற்றுப் பொருள் ஈட்டினார். 1776இல் கல்கத்தாவில் அமீலியா ரிச்மண்ட் வெப் என்பவரை மணந்து, அவ்வாண்டே தாயகம் திரும்பினார். அப்போது அவருக்கு அகவை முப்பது கூட நிறையவில்லை.

அவருடைய தமக்கை ஜேன் 1772இல் கல்கத்தாவில் ஜேம்ஸ் ரென்னலை மணந்தார். வங்கத்தை அளந்து 1779இல் நிலப்படத் தொகுதி வெளியிட்ட ரென்னல் இவரே. மணத்தோடு ஜேன் தாக்கரே என்னும் பெயரை இழந்தார். பெண்கள் வழியாகக் குருதி சென்றதே தவிரப் பெயர் செல்லவில்லை. ஆனால் முற்பெயர் வேறு வகையில் நடந்துகொண்டது. அமீலியாவின் குடும்பத்தில் வழங்கிய ரிச்மண்ட் என்பது அவருடைய மகனுக்கு முற்பெயரானது. மகள் எமிலி ஷேக்ஸ்பியர் என்னும் குடும்பத்தில் மணம்புரிந்தபின் பேரனுக்கும் சென்றது. 1840இல் கீவாவிலிருந்து உருசிய அடிமைகளை மீட்டுவந்த ரிச்மண்ட் ஷேக்ஸ்பியர் அப்பேரன்.

வில்லியமின் பிள்ளைகள் பலர் மீண்டும் இந்தியா வந்தனர். அவர்களது வரலாற்றை டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர் 1897இல் தனி நூலாகவே எழுதினார். இந்தியாவிலிருந்த தாக்கரேக்களையும் சில கல்கத்தாக் கல்லறைகளையும் பற்றியது அந்நூல். கல்லறைகளையும் குடும்பத்தையும் ஒரே தலைப்பில் வைத்தமை தற்செயலன்று. வந்தவருள் மிகச் சிலரே திரும்பினர்.

பெயர் பெறாத மகள்

அப்பிள்ளைகளுள் ஒருவரான ரிச்மண்ட் தாக்கரே 1798இல் கல்கத்தா வந்து, வருவாய் வாரியச் செயலராக உயர்ந்து, 24 பர்கானாக்களின் கலெக்டரானார். 1810இல் ஆன் பீச்சரை மணந்தார். 1811 சூலை 18இல் அவர்களுக்குப் பிறந்த ஒரே மகனே பின்னாளில் புகழ்பெற்ற நாவலாசிரியர் வில்லியம் மேக்பீஸ் தாக்கரே. பாட்டனாரின் பெயர் முழுமையாகப் பேரனுக்கு இடப்பட்டது. அவர் பிறந்த இடமாக ஃப்ரீ ஸ்கூல் தெருவில் (இன்றைய மிர்சா காலிப் தெரு) உள்ள ஆர்மீனியக் கல்லூரி வளாகம் சுட்டப்படுகிறது.

திருமணத்திற்கு முன்பே ரிச்மண்டுக்கு ஒரு மகள் இருந்தார். தாய் ஷார்லட் சோபியா ரட் என்னும் யுரேசியப் பெண். மகளின் பெயர் சாரா ரெட்ஃபீல்ட். தந்தையின் பெயரும் தாயின் பெயரும் அதில் இல்லை என்பது நோக்கத்தக்கது. ரிச்மண்ட் இம்மகளை முற்றிலும் கைவிட்டார் எனச் சொல்லுதல் பொருந்தாது. தம் இறுதி முறியில் அவருக்கும் அவர்தம் தாய்க்கும் பொருளுதவி செய்தார். பணம் கொடுத்தார், பெயர் கொடுக்கவில்லை.

இதனை ஒரு தனிமனிதரின் ஒழுக்கக் குறையாகக் காண்பது எளிது. காலச்சூழலை நோக்கினால் வேறொன்றும் புலனாகும். இந்தியத் தாய் அல்லது தந்தைக்குப் பிறந்தோரைத் தன் ஆட்சிப்பணி, படைப்பணி, கடற்பணி ஆகியவற்றிலிருந்து கும்பினி 1791 முதல் விலக்கியது. குடும்பப்பெயர், கலப்பற்ற பிறப்பு, பதவி ஆகிய மூன்றும் அதன்பின் ஒன்றையொன்று தாங்கி நின்றன. எனினும் எல்லாரும் பெயரை மறுத்துவிடவில்லை. ஸ்காட்லாந்துத் தந்தைக்கும் இராசபுத்திரத் தாய்க்கும் பிறந்த ஜேம்ஸ் ஸ்கின்னர் தந்தையின் பெயரையே தாங்கினார். மேற்கூறிய தடையால் கும்பினிப் படையில் சேர முடியாமல் முதலில் சிந்தியாவிடம் பணிபுரிந்தார். ஆகவே பெயரைக் கொடுப்பதும் மறுப்பதும் தந்தையின் விருப்பத்துக்கு உட்பட்டிருந்தன. பெயர் கிடைத்தோர்க்கும் பதவி கிடைக்கவில்லை.

ரிச்மண்ட் 1815 செப்டம்பரில் இறந்து கல்கத்தாவின் வடக்குப் பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மறு ஆண்டின் இறுதியில் மகன் தம் ஐந்தாம் அகவையில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். மகள் கல்கத்தாவிலேயே தங்கினார். அவர் ஜேம்ஸ் பிளெச்சிண்டனை மணந்தபோது மூன்றாம் பெயர் ஒன்று அவருக்கு வாய்த்தது. அப்பெயர் அந்நகரில் நெடுங்காலம் வழங்கியது. கல்கத்தாவின் பழமையையும் நிகழ்காலத்தையும் பற்றி 1905இல் நூல் வெளியிட்ட கேத்லீன் பிளெச்சிண்டனும் அப்பெயரினரே. குடும்பப்பெயரை மட்டும் தேடிச் செல்லும் ஆய்வாளர் கண்ணில், தாக்கரே வழியில் கல்கத்தாவில் நிலைத்து வாழ்ந்த சாரா படவே மாட்டார்.

சென்னையும் கித்தூரும்

தமிழ்நாட்டு வரலாற்றிலும் இப்பெயர் இடம்பெறுகிறது. ரிச்மண்டின் தமையன் வில்லியம் தாக்கரே சென்னை மாகாணப் பணியில் இருந்தவர். தாமஸ் மன்றோவின் கீழ்ப் பணியாற்றி ரயத்துவாரி முறையை ஆதரித்தவர். 1807இல் அவர் எழுதிய அறிக்கையில் காணப்படும் ஒரு கருத்து இவண் கருதத்தக்கது. இங்கிலாந்தில் நிலத்தின் விளைவில் ஒரு பங்கு சில குடும்பங்களைச் செழிப்பில் வைக்கப் பயன்படுவது தக்கதே. இந்தியாவிலோ பெருஞ்செல்வம் தரும் தன்னுரிமை உணர்வும் பெருமிதமும் அடக்கப்பட வேண்டியவை என்பது அதன் சாரம். குடியானவர் நலம் பேசும் ரயத்துவாரிக்குள் இத்தகைய கணக்கும் இருந்தது. ஆங்கிலக் குடும்பங்களின் பெயர் நிலைக்கவேண்டும் என்பதில் ஐயமற்றிருந்தவர், அவ்வாறான குடும்பங்கள் இங்கே எழக்கூடாது என்பதிலும் ஐயமற்றிருந்தார்.

மற்றொரு சகோதரர் செயின்ட் ஜான் தாக்கரே தார்வாடின் கலெக்டராக இருந்தார். கித்தூரின் தத்துரிமையைக் கும்பினி ஏற்க மறுத்ததால் எழுந்த போரில், 1824 அக்டோபர் 23இல் இராணி சென்னம்மாவின் படையால் கொல்லப்பட்டார். தத்துப்பிள்ளை குடும்பத்தின் பெயரையும் ஆட்சியையும் ஏற்கலாமா என்பதே அப்போரின் வித்து. சாராவுக்கு நேர்ந்ததை அறிந்தோர்க்கு இவ்வொப்புமை கண்ணிற் படாமற் போகாது.

எழுத்துக்கூட்டு வழி வந்த பெயர்

நாவலாசிரியர் தாக்கரேயின் மகள்களுள் பெரியவளாகும் வரை வாழ்ந்தோர் இருவர். ஆன் ரிச்சி ஆனார்; ஹாரியட் மரியன் லெஸ்லி ஸ்டீபனை மணந்தார். மகன் இல்லாமையால் அவர் வழியில் பெயர் தொடரவில்லை. ஆயினும் அப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டு வேறு வழியில் தொடர்ந்தது. பன்வேலில் பிறந்த மராட்டிய எழுத்தாளரும் சமூகச் சீர்திருத்தவாதியுமான கேசவ் சீதாராம் (1885–1973), அந்நாவலாசிரியர்பால் கொண்ட மதிப்பினால் தம் குடும்பப்பெயரை ஆங்கிலத்தில் அவ்வாறே எழுதினார் என்பர். யார்க்சயர் மண்ணோடும் குருதியோடும் அவருக்குத் தொடர்பில்லை. அவர் எடுத்துக்கொண்டார், யாரும் கொடுக்கவில்லை.

கல்கத்தாவில் இதன் மறுதலையும் நிகழ்ந்துள்ளது. குஷாரி என்னும் பெயருடைய வங்கப் பார்ப்பனக் குடும்பத்தாரை அண்டை மக்கள் மதிப்புடன் தாக்குர் என்றழைக்க, ஆங்கிலேயர் வாயில் அது டாகோர் ஆயிற்று என்பது மரபுச்செய்தி. தமிழர் கவிஞரின் பெயரைத் தாகூர் என எழுதுவது வங்க ஒலிப்பைப் பின்பற்றியன்று, இவ்வாங்கில வடிவத்தைப் பின்பற்றியே. நாவலாசிரியரையும் மராட்டியக் குடும்பத்தாரையும் தமிழில் தாக்கரே என ஒன்றுபோலவே எழுதுகிறோம். சாராவை எழுத வேண்டுமாயின் ரெட்ஃபீல்ட் என்றோ பிளெச்சிண்டன் என்றோதான் எழுத இயலும்.