ஓம் மாஸ்டரும் எங்கள் வீட்டு பிளக் பேஸும்



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகள் உள்ள வீட்டார் பொறுமையாகக் கடைசிவரை வாசியுங்கள்.

சாதாரண தர விஞ்ஞானம் படித்த எல்லோருக்கும் அந்த முக்கோணம் ஞாபகம் இருக்கும். மேலே வோல்ட், கீழே அம்பியரும் தடையும். வேண்டியதைக் கையால் மறைத்தால் விடை வந்துவிடும். நாமும் அப்படித்தான் படித்தோம், இன்று அப்படித்தான் படிப்பிக்கிறோம். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அந்தக் கணக்கை முழுப்புள்ளியோடு செய்த பிள்ளையே வீட்டுக்குப் போய் கேத்தலையும் அயனையும் ஒரே எக்ஸ்டென்ஷன் கோட்டில் குத்தினால், பிழை பிள்ளையில் இல்லை. முக்கோணத்தைக் கொடுத்துவிட்டு அதன் கதையைச் சொல்லாமல் விட்ட எம்மில்தான் பிழை.

அந்தக் கதை ஒரு பாடசாலை ஆசிரியருடையது.

ஜோர்ஜ் சைமன் ஓம் 1789இல் ஜேர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். தந்தை பூட்டுச் செய்யும் தொழிலாளி. பள்ளிக்கூடம் போய்ப் பெரிதாகப் படித்தவரல்ல. தானாகப் படித்துத் தன் மக்களுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் சொல்லிக் கொடுத்தார். மகன் பல்கலைக்கழகம் போய் ஆட்டத்திலும் பில்லியர்ட்ஸிலும் காலத்தைக் கழித்தபோது, கோபப்பட்டு அவரைச் சுவிட்சர்லாந்துக்கு ஆசிரியர் வேலைக்கு அனுப்பியவரும் அவர்தான். பிறகு ஓம் 1811இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1817இல் கொலோன் நகரப் பாடசாலையில் கணிதமும் பௌதிகவியலும் படிப்பிக்கச் சேர்ந்தார். அங்கே நல்ல ஆய்வுகூடம் இருந்தது.

பாடம் முடிந்த நேரங்களில் அவர் ஒரு கேள்வியோடு இருந்தார். கம்பி நீளமானால் மின்னோட்டம் எவ்வளவு குறையும்? 1825இல் ஒரு சூத்திரத்தை எழுதி வெளியிட்டார். அது பிழை. அக்காலத்து மின்கலங்களின் பலம் பரிசோதனை நடக்கும்போதே இறங்கிக்கொண்டு போகும். அளவுகோலே சுருங்கினால் துணியை எப்படி அளப்பது?

பொகென்டோர்ஃப் என்ற பத்திரிகை ஆசிரியர் ஒரு யோசனை சொன்னார். மின்கலத்தை விட்டுவிட்டு, பிஸ்மத்தையும் செம்பையும் பொருத்தி, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வையுங்கள் என்றார். இரண்டு வெப்பநிலையும் மாறாது, ஆகவே மின் அழுத்தமும் மாறாது. 1826இல் ஓம் 8 செப்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக மாட்டி, காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று மீண்டும் அளந்தார். இம்முறை உண்மை பிடிபட்டது. அழுத்தம் கூடினால் ஓட்டம் கூடும், தடை கூடினால் ஓட்டம் குறையும். வோல்ட்டை அம்பியரால் பிரித்தால் தடை. தன் பெயரில் அச்சான பிழையைத் தானே திருத்திய பிறகு கிடைத்த விடை இது.

1827இல் புத்தகம் வந்தது. பல்கலைக்கழகப் பதவி கிடைக்கும் என்று எதிர்பார்த்தார், கிடைக்கவில்லை. அவரது நாட்டிலேயே சிலர் அதைக் கடுமையாக விமர்சித்தனர். 1828இல் கொலோன் வேலையை விட்டார். பேர்லினில் வாரத்துக்குச் சில மணித்தியாலங்கள் படிப்பித்துக் காலம் தள்ளினார். 1833இல்தான் நியூரம்பேர்க்கில் நிலையான பதவி கிடைத்தது. இலண்டன் ரோயல் சங்கம் கொப்ளி பதக்கம் கொடுத்தது 1841இல்.

அதே 1841இல் இங்கிலாந்தில் இன்னொருவர் கதையை முன்னே கொண்டுபோனார். ஜேம்ஸ் ஜூல் என்ற இளைஞர், மதுவடிசாலைக்காரரின் மகன். மின்னோட்டம் பாயும் கம்பியைத் தண்ணீருக்குள் வைத்து, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று அளந்தார். ஓட்டம் இரண்டு மடங்கானால் சூடு இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. 1881இல் பாரிஸில் கூடிய மாநாடு ஓம், வோல்ட், அம்பியர் ஆகிய அலகுகளை ஏற்றுக்கொண்டது. வலுவை அளக்கும் 'வாட்' என்ற அலகை மறுவருடம் வில்லியம் சீமென்ஸ் முன்மொழிந்தார். வோல்ட்டை அம்பியரால் பெருக்கினால் வாட்.

இனி எங்கள் குசினிக்கு வருவோம்.

எமது வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 2000 வாட் கேத்தல் ஒன்றை எடுங்கள். 2000ஐ 230ஆல் பிரித்தால் ஏறத்தாழ 8.7 அம்பியர். அதன் தடை 230ஐ 8.7ஆல் பிரிக்க, சுமார் 26 ஓம். 1000 வாட் அயன் சுமார் 4.3 அம்பியர் இழுக்கும். இரண்டையும் ஒரே கோட்டில் குத்தினால் 13 அம்பியர். 13 அம்பியர் பிளக் ஒன்றின் எல்லையே அதுதான். 5 அம்பியர் பிளக் பேஸ் என்றால் 1150 வாட்டுக்கு மேல் தாங்காது. கேத்தல் மட்டுமே அதற்குக் கூடுதல்.

ஜூலின் பாடம் இங்கேதான் உதவும். பழைய பிளக் பேஸில் பின் தளர்ந்து, அந்த இடத்தில் அரை ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். 13ஐ 13ஆல் பெருக்கி அதில் பாதி எடுங்கள். 84 வாட்டுக்குச் சற்று மேல். ரேடியோ திருத்துபவர் ஈயம் உருக்கும் சோல்டரிங் அயன் 30 அல்லது 60 வாட். அதைவிடக் கூடிய சூடு, சுவரோடு இருக்கும் ஒரு பிளாஸ்டிக் துண்டுக்குள். ஸஹர் நேரத்தில் அவசரத்துக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, பிளக் பேஸ் மஞ்சளாகி மணக்கும்போது நாம் 'கரண்ட் சரியில்லை' என்கிறோம். கரண்டில் பிழையில்லை. கணக்குப் பார்க்காததுதான் பிழை.

இன்றிரவு ஒரு வேலை செய்யுங்கள். கேத்தல், அயன், ரைஸ் குக்கர் ஆகியவற்றின் அடியில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும். பிள்ளையிடம் காட்டி 230ஆல் பிரிக்கச் சொல்லுங்கள். எதை எதோடு சேர்த்துக் குத்தலாம், எதைக் கூடாது என்று அது ஒரு தாளில் எழுதி ஒட்டட்டும். சூடாகும் பிளக் பேஸ் இருந்தால் பாவிப்பதை நிறுத்தி, தெரிந்த மின் தொழிலாளியைக் கூப்பிடுங்கள்.

ஆசிரியர்களாகிய எமக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை முக்கோணத்தைக் கரும்பலகையில் கீறுமுன், முதல் தடவை பிழையாக எழுதி, மறுபடி அளந்து திருத்திய அந்த மாஸ்டரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வோம். பிழை விட்ட பிள்ளைக்கு அது சூத்திரத்தைவிடப் பெரிய பாடமாக இருக்கும்.