தீவகத்தில் நத்தார் இசை

கிறிஸ்து பிறந்த திருநாளை இலங்கைத் தமிழர் நத்தார் என்று வழங்குவர். 'நத்தால்' என்னும் போர்த்துக்கேயச் சொல்லே அவ்வாறு மருவியது. 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. குடாநாட்டிலும் அதனையடுத்த தீவுகளிலும் கத்தோலிக்க ஆலயங்கள் எழுந்தன. திருப்பலி இலத்தீன் மொழியிலேயே நிகழ்ந்தது.

1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் வந்தனர். ஊர்காவற்றுறைக் கடல்நடுவே நிற்கும் கோட்டை அவ்வாண்டிலேயே வீழ்ந்தது. நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்றும், வேலணைத் தீவுக்கு லெய்டன் என்றும் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை அவர்கள் சூட்டினர். கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது, குருமார் அகற்றப்பட்டனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குருவின்றியே கழிந்தன.

1687இல் கோவாவிலிருந்து யோசே வாஸ் முனிவர் மாறுவேடத்தில் வந்து மறைவாகத் தொண்டாற்றினார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் வழிபாட்டுக்குக் கூடியிருந்தோரை ஒல்லாந்தப் படையினர் சூழ்ந்து சிறைப்பிடித்தனர். முனிவர் தப்பினார். கொண்டாட்டத்துக்குரிய இரவே அச்சத்துக்குரிய இரவாயிற்று.

மணியோசையும் ஆலயமும் அற்ற அக்காலத்தில் மக்களின் சமயத்தைத் தாங்கியது தாய்மொழியே. 1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் அதனை நன்குணர்ந்தார். தமிழையும் சிங்களத்தையும் கற்று இரு மொழிகளிலும் நூல்கள் பல இயற்றினார். கிறிஸ்துவின் பாடுகளைக் கூறும் அவரது வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்படுவது. அடிகள் 1742 யூலை 17இல் மறைந்தார்.

அதே ஆண்டு ஏப்பிரல் 13இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஹன்டெலின் 'மெசையா' முதன்முறை அரங்கேறியது. அதன் முதற்பகுதி மீட்பரின் வருகையைப் பாடுவது. நத்தார் காலத்தில் உலகெங்கும் ஒலிக்கும் அவ்விசையை அறியாதார் சிலரே. ஈழத்துக் கரையோரக் கூத்திசையை அறிந்தாரோ மிகச் சிலர்.

கீழ்த்திசை ஞானியர் மூவர் பாலனைத் தேடி வந்த வரலாற்றை மன்னார்ப் புலவர் பாடலும் வசனமுமாக யாத்தனர். அந்த 'மூவிராசாக்கள் நாடகம்' பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பாக 1966இல் அச்சேறியது. தீவகத்திலும் மெலிஞ்சிமுனை போன்ற கத்தோலிக்கக் கடற்றொழிலாளர் ஊர்கள் கூத்து மரபைப் போற்றி வந்துள்ளன. மத்தளமும் தாளமும் அண்ணாவியாரின் குரலுமே அங்கு வாத்தியக் குழு.

வழிபாட்டில் தாய்மொழிக்கு இடமளிக்க இரண்டாம் வத்திக்கான் சங்கம் தீர்மானித்தது 1963இல். தமிழோ அதற்கு இரு நூற்றாண்டு முன்னரே இம்மக்களின் துன்பத்திலும் பக்தியிலும் இடம் பெற்றுவிட்டது. கோட்டையைக் கைப்பற்றியோர் தீவுகளின் பெயரை மாற்றினர்; நத்தார் என்னும் சொல்லை மக்கள் நாவினின்று அகற்ற அவர்களால் இயலவில்லை.