சுமப்பவருக்கு ஒரு தீர்வை, பார்சலுக்கு வேறு தீர்வை: புதுக்கோட்டைக்கு வந்த அயல்நாட்டு மின்னணுப் பொருள்களின் இறக்குமதிச் செலவு குறித்து

புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் கொண்டுவந்த தொலைக்காட்சி, கேமரா, மடிக்கணினி ஆகியவற்றைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் இரண்டு கருத்துகளைச் சேர்த்தே சொல்லி வந்திருக்கிறார்கள். அவை ஊரில் மதிப்புக்காக வாங்கப்பட்டவை என்பது ஒன்று. அங்கே விலை மலிவு, இங்கே விலை கூடுதல் என்பதால் வந்தவை என்பது மற்றொன்று. 2013 ஆகஸ்டில் தட்டைத்திரைத் தொலைக்காட்சிக்குத் தீர்வை விலக்கு நீங்கியதும் பெட்டியில் பொருள் கொண்டுவரும் காலம் முடிந்தது என்ற முடிவுக்கும் இந்த இரண்டாவது கருத்தே அவர்களைக் கொண்டுசேர்த்தது. முதல் கருத்தை நான் மறுக்கவில்லை. மதிப்பு இல்லாத பொருளை யாரும் போர்வையில் சுற்றிக் கடல் கடந்து எடுத்து வருவதில்லை. இரண்டாவது கருத்து மட்டும் ஆவணத்தைப் பாதியோடு படித்து நிறுத்தியதால் பிறந்தது என்பேன்.

விவாதத்துக்குரிய ஆவணம், 2016 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த பேக்கேஜ் விதிகள். குறிப்பாக அதன் மூன்றாம் விதி. நேபாளம், பூட்டான், மியான்மர் நீங்கலான நாடுகளிலிருந்து வரும் இந்தியர், தாம் புழங்கிய சொந்தப் பொருள்கள் போக, 50,000 ரூபாய் மதிப்புவரை பிற பொருள்களைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம் என்றது அது. முன்னைய ஆய்வுகள் இந்தத் தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு, நுகர்வோருக்கு அரசு காட்டிய சலுகை என்று சொல்லிக் கடந்துவிடுகின்றன. தொகையை ஒட்டியே நிற்கும் நிபந்தனையில் அவை தங்கவில்லை. பொருள் பயணியின் உடலோடு இருக்க வேண்டும், அல்லது அவரோடு கூட வரும் பெட்டியில் இருக்க வேண்டும். ஒருவருடைய வரம்பை இன்னொருவருடைய வரம்போடு கூட்டவும் முடியாது. கணவனும் மனைவியும் ஒரே விமானத்தில் திருச்சியில் இறங்கினாலும், 80,000 ரூபாய்க் கேமரா ஒன்றை இருவர் பெயரிலும் பாதிப் பாதியாகக் காட்ட வழியில்லை. சுங்கச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு, பயணியோ அவர் குடும்பமோ பயன்படுத்தும் பொருள் என்று பேசுகிறதே எனக் கேட்கலாம். பொருளை யார் பயன்படுத்தலாம் என்பதை அந்தப் பிரிவு சொல்கிறது. விலக்கு யாருக்கு என்பதை மூன்றாம் விதி சொல்கிறது. விலக்கு, சுமந்து வருகிற ஓர் ஆளுக்கு.

இப்படிப் படித்தால் செலவுக் கணக்கு எப்படி மாறுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காட்டலாம். 2020-க்குப் பிந்தைய சில ஆண்டுகளின் விகிதங்களை வைத்து, சுங்கம் 60,000 ரூபாயாக மதிப்பிடும் ஒரு கேமராவை எடுத்துக்கொள்வோம். பயணி கையில் எடுத்து வந்தால் 50,000 போக மிச்சமுள்ள 10,000-க்கு மட்டும் தீர்வை. அடிப்படைத் தீர்வை 35 விழுக்காடு, அதன்மேல் பத்தில் ஒரு பங்கு சமூகநலக் கூடுதல் வரி, ஆக 38.5 விழுக்காடு, கட்ட வேண்டியது 3,850 ரூபாய். அதே ஆள் அதே கேமராவைத் தன் பெயரிலேயே தனிச் சரக்காக அனுப்பிவிட்டு வந்தால் விலக்கு கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே தீர்வை உண்டு: 23,100. வெளிநாட்டு விற்பனையாளரிடம் அறந்தாங்கியிலிருந்து ஆர்டர் செய்து கூரியரில் வரவழைத்தால், சொந்தப் பயன்பாட்டு இறக்குமதி என்ற தலைப்பின் கீழ் அதே 38.5 விழுக்காட்டோடு 28 விழுக்காடு ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரியும் (ஐ.ஜி.எஸ்.டி.) சேரும். கூட்டாக 77.28 விழுக்காடு, அதாவது 46,368 ரூபாய். பயணியின் பெட்டிக்கு ஐ.ஜி.எஸ்.டி. இல்லை. கூரியர் கட்டணமும் காப்பீடும் மதிப்போடு சேர்ந்து அவற்றுக்கும் தீர்வை விழும் என்பதைக் கணக்கில் கொண்டால் கடைசித் தொகை இன்னும் ஏறும்.

ஒரே பொருள், ஒரே மதிப்பு, மூன்று தீர்வை. கடைவிலையை வைத்துக்கொண்டு இந்த மூன்றையும் விளக்க முடியாது. மடிக்கணினியில் இந்தக் கோணல் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. வணிக இறக்குமதியாளருக்கு அடிப்படைத் தீர்வை சுழியம். கட்டுகிற 18 விழுக்காடு ஐ.ஜி.எஸ்.டி.யையும் அவர் வரவு எடுத்துக்கொள்ளலாம். பதினெட்டு வயது நிரம்பிய பயணி பொது வரம்புக்கு வெளியேயும் ஒரு மடிக்கணினியைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம். தனக்காக ஒன்றே ஒன்றைக் கூரியரில் வாங்கியவர்தான் அந்த ஆண்டுகளில் 77.28 விழுக்காடு கட்டினார். இதற்குள் ஏதேனும் தொழிற்கொள்கை ஒளிந்திருந்தால் அது என் கண்ணில் படவில்லை.

இனி 2013. ரூபாய் சரிந்துகொண்டிருந்த ஆகஸ்டு அது. டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. தங்கத்தின் தீர்வையை 10 விழுக்காடாக உயர்த்திய அதே மாதம், 26-ஆம் தேதி முதல், தட்டைத்திரைத் தொலைக்காட்சி விலக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. அதுவரை 35,000 ரூபாய் வரம்புக்குள் அடங்கி ஒரு காசும் கட்டாமல் வந்த 30,000 ரூபாய்த் தொலைக்காட்சிக்கு, அப்போதைய செஸ் உட்பட 36.05 விழுக்காடு, அதாவது 10,815 ரூபாய் கட்ட வேண்டியதாயிற்று. (அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரத்தின் சிவகங்கைத் தொகுதிக்குள் நம் மாவட்டத்து ஆலங்குடியும் திருமயமும் இருந்தன. இதற்கு வேறு பொருள் கற்பிக்க வேண்டாம்.) முன்னைய ஆய்வுகள் இந்த அறிவிப்பைக் கதவடைப்பாகப் படிக்கின்றன. ஆனால் அடுத்து நடந்தது என்ன? 2012-இல் 25,000-லிருந்து 35,000 ஆகியிருந்த பொது வரம்பு, 2014-இல் 45,000 ஆனது, 2016-இல் 50,000 ஆனது. துப்பாக்கி, தோட்டா, நூறுக்கு மேற்பட்ட சிகரெட் இவற்றோடு ஒரே பட்டியலில் தொலைக்காட்சியை உட்காரவைத்துவிட்டு, மற்ற எல்லாவற்றுக்கும் வாசலை அகலத் திறந்திருக்கிறார்கள். மாநில அரசு 2006 முதல் இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்துவந்த மாவட்டத்தில், வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவரின் பெட்டியை ஒரே ஒரு பொருளை வைத்து அளந்ததே முதற்கோணல்.

என் வாசிப்புக்கு வலுவான சான்று 2016 விதிகளின் ஆறாம் விதியில் இருக்கிறது. வெளிநாட்டில் தொழில் செய்துவிட்டுத் திரும்பும் இந்தியருக்கு, மூன்றாம் விதியின் சலுகைக்கு மேல், தங்கிய காலத்துக்கு ஏற்ப வீட்டுப்பொருள் விலக்கை அது தந்தது. மூன்று மாதம் முதல் ஆறு மாதம்வரை 60,000 ரூபாய். ஆறு மாதம் தாண்டினால் 1 லட்சம். ஓராண்டு என்றால் 2 லட்சம். ஈராண்டு என்றால், சில நிபந்தனைகளோடு, 5 லட்சம். துணி துவைக்கும் எந்திரம், 300 லிட்டர்வரை குளிர்பதனப் பெட்டி, கணினி எல்லாம் இதில் அடங்கின. வாங்கும் சக்தியையோ பொருளின் தேவையையோ அளக்கும் பட்டியலாக இதைப் படிக்க இயலாது. ஒருவர் அயலூரில் கழித்த மாதங்களுக்கு எவ்வளவு பொருள் என்று சட்டமே விகிதம் போட்டுக் கொடுத்திருக்கிறது. கோட்டைப்பட்டினத்திலிருந்தோ கீரனூரிலிருந்தோ போய் இரண்டாண்டு ஒப்பந்தம் முடித்துத் திரும்புகிற கட்டடத் தொழிலாளி, இந்திய இறக்குமதிச் சட்டத்தின் கண்ணில், புதுக்கோட்டைக் கடைக்காரரைவிடச் சலுகை மிகுந்த இறக்குமதியாளர். விதியின் நோக்கம் இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். விதியின் விளைவு இதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இதை மறுக்கக் குருவிகளைக் காட்டுவார்கள்: கூலிக்குப் பெட்டி சுமந்து வாரத்துக்கு ஒருமுறை பறந்து வருகிறவர்களும் பயணிகள்தானே, அவர்கள் கொண்டுவருவது எந்தக் குடும்பத்தின் பயனுக்கு என்று. குருவியின் தொழில் என் வாதத்துக்குத்தான் துணை நிற்கிறது. குருவி விற்பது பொருளை அன்று. தன் பெயரில் உள்ள விலக்கை. கூரியர் வழிக்கும் கைவழிக்கும் இடையே உள்ள தீர்வை வேறுபாடே அவருடைய கூலிக்கு உச்சவரம்பு. வேறுபாடு இல்லையென்றால் குருவி ஏது? சுங்க அதிகாரி மதிப்பிடுவதைப் பொறுத்து எல்லாம் மாறும் என்பது இன்னொரு மறுப்பு. மாறட்டும். மதிப்பு எதுவானாலும் மூன்று வழிகளும் ஏறிநிற்கும் வரிசை மாறுவதில்லை.

கவனிக்கப்படாத செலவு ஒன்று உண்டு. வரம்பு ரூபாயில் இருக்கிறது. பொருள் டாலரில் வாங்கப்படுகிறது. 2016 ஏப்ரலில் 50,000 ரூபாய் என்பது ஏறக்குறைய 750 அமெரிக்க டாலர். டாலர் 83 ரூபாயைத் தொட்டபோது அதே 50,000 ஏறக்குறைய 600 டாலராகச் சுருங்கிவிட்டது. எந்த அறிவிப்பும் வராமலேயே விலக்கில் ஐந்தில் ஒரு பங்கு கரைந்திருந்தது. அரசிதழை மட்டும் வரிசைப்படுத்தி எழுதப்பட்ட வரலாறுகளில் இது சிக்காது. சிங்கப்பூர்க் கடையில் கட்டிய சரக்கு சேவை வரியைச் சுற்றுலாப் பயணி விமான நிலையத்தில் திரும்பப் பெறலாம், அங்கே வேலை அனுமதியில் இருப்பவர் பெற முடியாது என்பதும் சிக்காது. சதுரக்கால் பிளக்கை வெட்டிவிட்டு நம்மூர் உருண்டைக்கால் பிளக் மாட்டுவதும், பல பொருள்களின் உத்தரவாதம் வாங்கிய நாட்டோடு நின்றுவிடுவதும் சில்லறைச் செலவுகள். அவற்றை இங்கே விரிக்கவில்லை.

2019 டிசம்பர்வரை 5,000 ரூபாய்க்கு உட்பட்ட பொருள் அன்பளிப்பு என்ற பெயரில் தபாலில் தீர்வையின்றி வர முடிந்தது. சில அயல்நாட்டு விற்பனையாளர்கள் விற்ற சரக்கையே அன்பளிப்பு என்று எழுதி அனுப்பியதால் ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும் தவிர மற்றவற்றுக்கு அந்த வழி அடைபட்டது. அதன்பின் சீன விற்பனையாளரிடம் 1,500 ரூபாய் மதிப்புள்ள மின்னணுப் பலகை ஒன்றைத் தருவிக்கும் பொறியியல் மாணவர், 77.28 விழுக்காட்டுக் காலத்தில், 1,159 ரூபாய் தீர்வையும் அதற்கு மேல் கூரியர் நிறுவனத்தின் கையாளுதல் கட்டணமும் கட்டினார். சிங்கப்பூரிலிருந்து வரும் மாமாவின் பெட்டியில் அதே பலகை வந்தால் தீர்வை இல்லை. குடும்பக் கணக்கெடுப்புப் படிவங்களில் இந்தப் பலகை உறவினர் அன்பளிப்பு என்ற கட்டத்தில் பதிவாகும், அதற்காக மாணவர் கொடுத்தனுப்பிய பணம் எந்தக் கட்டத்திலும் பதிவாகாது. பொருளோடு அது வந்த வழியையும், அதற்குப் பணம் கொடுத்தவர் யார் என்பதையும் கேட்காத படிவத்திலிருந்து பெட்டி வரத்து குறைந்தது, நின்றது என்று முடிவு கட்டிய அட்டவணைகளை மறுபடி எண்ணித்தான் ஆக வேண்டும்.