பூண்டி நீர்த்தேக்கமும் மேயர் சத்தியமூர்த்தியும்

தீரர் சத்தியமூர்த்தி (1887–1943) விடுதலைப் போராட்ட வீரரும் வழக்கறிஞரும் சென்னை மாநகர மேயரும் ஆவார். காமராசரின் அரசியல் குரு. புதுக்கோட்டை அருகே திருமயத்தில் பிறந்தார். இப்போது தாம்பரத்தில் உள்ள சென்னை கிறித்தவக் கல்லூரி, நகருக்குள் இயங்கிய காலத்தில் அங்கு பயின்று, பின்னர் சட்டம் படித்தார்.

1939இல் அவர் மேயரானபோது சென்னையில் குடிநீர்த் தட்டுப்பாடு நிலவியது. வளர்ந்துவந்த நகருக்குச் செங்குன்றம் ஏரி நீர் போதவில்லை. கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் அமைக்க முனைந்து பாடுபட்டார். 1940இல் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது 1942இல் சிறைப்பட்ட அவர், உடல்நலம் குன்றி 1943 மார்ச் 28 அன்று காலமானார். நீர்த்தேக்கம் 1944இல் திறக்கப்பட்டபோது அதைக் காண அவர் இல்லை. சத்தியமூர்த்தி சாகர் என அவர் பெயர் பெற்ற அந்நீர்த்தேக்கம் இன்றும் சென்னைக்குக் குடிநீர் வழங்குகிறது.