திடலும் தாழியும்



காவிரிச் சமவெளியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மேடு என்பது அரிய பொருள். மலை நாட்டார் குன்றுக்குப் பெயரிடுவதுபோல நாம் ஓர் ஆள் உயரம் எழும்பிய மண்ணுக்குக்கூடப் பெயரிட்டிருக்கிறோம். திடல் என்கிறோம், மேடு என்கிறோம். நம் பக்கத்துச் சிற்றூர்ப் பெயர்கள் பல இச்சொற்களிலேயே முடிவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வெள்ளம் ஏறாத இடம் என்பதால் வீடும் கோயிலும் களமும் அங்கே அமைந்தன; சுடுகாடும் அங்கேதான். இருப்போருக்கும் இறந்தோருக்கும் ஒரே துண்டு மேட்டு நிலத்தைப் பங்கிட வேண்டிய நெருக்கடி நம் நாட்டில் மிகப் பழையது.

எவ்வளவு பழையது என்பதையே இன்று சொல்ல முற்படுகிறேன்.

இறந்தோரைப் பெரிய மட்தாழியில் இட்டுப் புதைக்கும் வழக்கம் தமிழகத்தில் இருந்தது. முதுமக்கள் தாழி என்று அதனைக் கூறுவர். சிற்றூர்களில் வேறு ஒரு கதை வழங்குகிறது: முதுமையால் ஒடுங்கியும் உயிர் பிரியாத கிழவர்களை, விளக்கும் உணவும் உடன் வைத்துச் சாடியில் இட்டுவிடுவார்களாம். என் பாட்டியாரும் அப்படித்தான் சொன்னார். இது பெயரைப் பார்த்துப் பின்னர் கட்டிய கதை என்றே நான் கருதுகிறேன். தாழிகளில் இளையோரின் எலும்புகளும் கிடைத்துள்ளன. உடலை முதலில் வெளியே விட்டு, பின்னர் எலும்புகளை மட்டும் பொறுக்கி வைத்த தாழிகளும் உண்டு. உயிரோடிருந்த கிழவரை வைத்த கதை அவற்றுக்குப் பொருந்துமா?

இலக்கியச் சான்றும் நம் சோழநாட்டிலிருந்தே கிடைக்கிறது. புறநானூற்று 228ஆம் பாட்டில், குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் குயவரை நோக்கிப் பேசுகிறார். இத்துணைப் பெரும்புகழ் உடையவனைக் கவிக்கத் தாழி வனைய வேண்டுமாயின், உலகமே சக்கரமாகவும் மேருவே மண்ணாகவும் வேண்டுமே, உன்னால் இயலுமா என்பது கருத்து. மணிமேகலையின் சக்கரவாளக்கோட்டம் உரைத்த காதையில், புகாரின் ஈமக்காட்டில் நடந்த ஐவகை அடக்கமுறைகளுள் தாழியிற் கவித்தலும் ஒன்றாக எண்ணப்படுகிறது. ஆக, சோழநாட்டில் தாழி இருந்தது. ஆனால் அந்தத் தாழிகள் எங்கே?

தாமிரபரணிக் கரையில் இக்கேள்விக்கு இடமில்லை. ஆதிச்சநல்லூரில் 114 ஏக்கர் பரப்புள்ள பரம்பு ஒன்று இன்றும் இருக்கிறது. 1876இல் பெர்லினைச் சேர்ந்த ஜாகர் என்பவர் அங்கே தோண்டினார். கிடைத்த பொருள்கள் கடல் கடந்து போயின. 1899 தொடங்கி சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரே முறையாக அகழ்ந்தார். பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலக் கலங்களும் இரும்புக் கருவிகளும் வெளிவந்தன. பொன்னைவிட என் மனத்தைத் தொட்டது மற்றொன்று: தாழிக்குள் இருந்த சிறு கலங்களில் நெல் உமியும் தினை உமியும் இருந்தன. 2004, 2005ஆம் ஆண்டுகளில் மத்தியத் தொல்லியல் துறையினர் மீண்டும் அகழ்ந்தபோது நூற்றுக்கு மேற்பட்ட தாழிகளைக் கண்டனர். அண்மையிலுள்ள சிவகளைப் பரம்பில் ஒரு தாழியிலிருந்து எடுத்த நெல் உமி கி.மு. 1155ஆம் ஆண்டளவினது என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. இறந்தவருடன் நெல்லை வைத்து அனுப்பியவர்கள் அவர்கள். வாய்க்கரிசி இடும் நம் வழக்கத்தை இங்கே நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் பரம்பு ஏன் பிழைத்தது? சரளையும் பாறையுமான நிலம் அது. ஆற்றுநீர் பாயும் வயல் கீழே. ஏரைத் தாங்காத மேடு மேலே. உழவுக்கு உதவாததையே முன்னோர் இறந்தோருக்கு ஒதுக்கினர். உதவாமையே அதற்குக் காவலாயிற்று.

காவிரிக் கழிமுகத்துக்கு அந்தக் காவல் இல்லை. இங்கே பாறை கிடையாது. ஆறு ஆண்டுதோறும் வண்டலைக் கொண்டுவந்து பழையதன்மேல் படியவைத்தது. மனிதன் மேட்டை வெட்டிப் பள்ளத்தில் இட்டு நீர் பாயும்படி சமனாக்கினான். நெல்வயல் ஒன்றின் முதல் தேவை சமமான தரை என்பதை உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1934இல் மேட்டூர் அணை முடிவுற்று, கல்லணைக் கால்வாய் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து வானம் பார்த்த நிலங்களுக்கும் நீர் தந்தது. பசியைத் தீர்த்த அந்நீரைக் குறை கூற யாருக்கு மனம் வரும்? எனினும் எஞ்சியிருந்த மேடுகள் பலவற்றுக்கு மண்வெட்டி வந்ததும் அவ்வழியேதான். பின்னர் டிராக்டரும், செங்கல் காளவாய்களும் வந்தன.

இந்நிலையில்தான் குத்தாலத்தை அடுத்த செம்பியன்கண்டியூர் முக்கியமாகிறது. அவ்வூர் அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது. இன்று மயிலாடுதுறை மாவட்டம். பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் வீட்டுக் கொல்லையில் வாழையும் தென்னையும் வைக்கக் குழி வெட்டினார். வழவழப்பாகத் தேய்த்த கற்கோடரிகள் இரண்டு கிடைத்தன. கழிமுகத்தில் பிறந்தவர்க்குக் கல் என்றாலே கேள்வி எழ வேண்டும். ஏனெனில் நம் மண்ணில் கல் விளைவதில்லை, எவரோ கொண்டுவந்தால்தான் உண்டு. அவருக்குக் கேள்வி எழுந்தது. தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை அருங்காட்சியகத்தின் காப்பாட்சியரிடம் அவற்றைக் கொடுத்தார். அங்கிருந்து அவை தொல்லியல் துறைக்குச் சென்றன. ஒரு கோடரியில் நான்கு குறிகள் கீறப்பட்டிருந்தன. அவை சிந்துவெளி எழுத்துகளே என்று ஐராவதம் மகாதேவன் 2006இல் அறிவித்தார். அறிஞர் அனைவரும் அதை ஒப்புக்கொண்டதில்லை. அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் தகுதியுடையவன் அல்லன். ஆனால் அதன் பயனாக 2008இல் மாநிலத் தொல்லியல் துறையினர் அவ்வூரில் அகழ்ந்தபோது, தாழிகளும் கறுப்பு-சிவப்பு மட்கலங்களும் குறியீடு கீறிய ஓடுகளும் வெளிப்பட்டன. வாழைக்கும் நெல்லுக்கும் அடியில், நாம் தேடிய அந்த மக்கள் இருந்தார்கள்.

2006இல் நாளிதழில் அச்செய்தியைப் படித்தபோது நான் ஒரு நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியன். படித்து முடித்ததும் தாளை மடித்து வைத்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பு எங்கள் பள்ளி மைதானம் ஐப்பசி மழையில் குளமாகிவிடும். அதை உயர்த்த மண் வேண்டும் என்று ஊராரிடம் கேட்டவன் நான்தான். ஊர்க்கோடியில் பனைமரங்கள் நின்ற ஒரு திடலிலிருந்து மண் வந்தது. பரப்பும்போது விரற்கடைத் தடிப்பில் ஓடுகள் அகப்பட்டன. வெளிப்புறம் செம்மை, உள்ளே கறுப்பு. ஒன்றில் கயிறு சுற்றினாற்போல ஒரு வரி ஓடிற்று. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் அதை எடுத்துவந்து, "ஐயா, இது என்னங்க ஐயா?" என்றான். "பழைய குதிர் உடைசல்டா, காலைக் குத்தும், பொறுக்கி வேலியோரம் போடு" என்றேன்.

குதிர், நம் வீடுகளில் நெல் சேமிக்கும் மண்கூடு. அது பெரும்பாலும் வெயிலில் உலர்த்தியதே அன்றிச் சூளையில் சுட்டது அன்று. மழையில் கிடந்தால் கரைந்து சேறாகும். வேலியோரம் குவித்த ஓடுகளோ மூன்று மாரி நனைந்தும் கரையவில்லை. நாள்தோறும் அவற்றைக் கடந்தே சென்றேன்; சுற்றுச்சுவர் எழுப்பியபோது கடைக்காலில் அவற்றைக் கொட்டச் சொன்னவனும் நானே. ஆசிரியப் பயிற்சியில், உற்றுநோக்கலே அறிவியலின் முதற்படி என்று விடைத்தாளில் எழுதித் தேறியவன் நான்.

செய்தி படித்த மறுவாரம் அந்தத் திடலைத் தேடிப் போனேன். பனைகள் இல்லை, தாளடி நடவு நடந்துகொண்டிருந்தது. எது திடல், எது பழைய வயல் என்று வரப்பைக் கொண்டு பிரிக்க இயலவில்லை. நட்டுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரை விசாரித்தேன். "மேடு இருந்திச்சுங்க. இப்ப நல்லா வெளையுது" என்றார். அவர் சொன்னதும் உண்மையே.

உங்களுள் எவருக்கேனும் வயலிலோ கிணற்றுக் குழியிலோ இத்தகைய ஓடு கிடைக்கலாம். கழுவாதீர்கள்; மேலும் தோண்டாதீர்கள். எந்த இடம், எவ்வளவு ஆழம் என்று குறித்து, கிராம நிர்வாக அலுவலருக்கோ அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்கோ தெரிவியுங்கள். புதையலைக் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்திருக்கிறார்கள். ஓடு பொன்னன்று என்று எண்ணிவிடாதீர்கள். எடுத்த இடத்திலிருந்து பிரிந்த ஓடு, பக்கம் கிழிந்த ஏடு போன்றது. எந்த நூலின் ஏடு என்று பின்னர் எவராலும் கூற முடியாது. எங்கள் சுவரின் கீழ்க் கிடப்பவை அப்படிப்பட்டவை.

அன்று கேள்வி கேட்ட மாணவன் இப்போது குடும்பத்துடன் வெளியூரில் இருக்கிறான். சென்ற பொங்கலுக்கு வந்தவனிடம் இவ்வளவையும் சொன்னேன். "அந்தக் கயிறு வரி எனக்கு ஞாபகம் இருக்குங்க ஐயா" என்று சொல்லி, ஒரு தாளில் வரைந்து காட்டினான். அந்தத் தாளை வைத்திருக்கிறேன். மைதானத்தில் பிள்ளைகள் இப்போதும் சடுகுடு ஆடுகிறார்கள்; மழையில் தண்ணீர் தேங்குவதில்லை.